அத்தை பிடித்து வந்த ஜோடி

அத்தை என் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தபோது, கொல்லங்கோட்டுக் கூட்டுறவு சொசைட்டியில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சேதியைச் சொல்லி, லட்டைக் கொடுத்து, காலில் விழுந்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். விழுந்து எழுந்தவனைத் தாடையில் கைவைத்து நிறுத்தினாள்.

"வாயத் தொற கண்ணு."

லட்டு ஊட்டப் போகிறாள் என்று நினைத்துத் திறந்தேன். கீழ்வரிசையைப் பார்த்தாள். கடைவாய் வரைக்கும் போனாள். "பொகையில உண்டா?" என்றாள். திறந்த வாயோடு இல்லை என்று தலையாட்டினேன்.

"செரி, அந்தக் கெணத்து மேடு வரைக்கும் நடந்துட்டு வா."

நடந்துவிட்டு வந்தேன். அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "முன்னங்கால் பரவால்ல. பின்னங்கால்தான் சித்த இழுக்குது" என்றாள். எனக்கு இருப்பதே இரண்டு கால். அதில் எதை முன்னங்கால் என்றாள், எதைப் பின்னங்கால் என்றாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அத்தை என் அப்பாவுக்கு அக்காள். மாமா போன பிறகு, கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருந்த வயலையும் தோட்டத்தையும் அவளே நின்று பார்த்தாள். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய் மாடு பிடிக்கிற பெண்பிள்ளை அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் ஒருத்திதான். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைத் தொட்டும் மடக்கியும் அழுத்தியும் பேரம் நடக்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு இரண்டு முகங்கள் மட்டும்தான் தெரியும்; அவற்றிலும் ஒன்றும் தெரியாது.

அத்தையின் தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். அதை எடுத்து அவள் நீட்டினால் தரகர்களுக்கு வேர்த்துவிடும். பொம்பளை விரலைப் பிடிக்கக் கூச்சம். பிடிக்காவிட்டால் வியாபாரம் இல்லை. நுனி விரலைத் தொட்டும் தொடாமலும், அவள் முதலில் காட்டின விலைக்கே தலையாட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். "பாவம், மானஸ்தனுக" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வாள் அத்தை.

மாட்டு விஷயத்தில் அவள் கண் தவறியதாக யாரும் சொன்னதில்லை. சிக்கல் என்னவென்றால், மாடு அல்லாததையும் அவள் அதே கண்ணால்தான் பார்த்தாள். பம்புசெட்டு வந்து இறங்கியபோது அதன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, உதைக்குமோ என்று எட்டியே நின்றாள். குடை வாங்கினால் கடைக்காரரையே பிடிக்கச் சொல்லித் தெருவில் ஒரு நடை நடத்திப் பார்ப்பாள். புதிதாக வந்த டாக்டரிடம் தன் உடம்பைக் காட்டப் போனவள், அவர் உடம்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாடிப்படி ஏறுனதுக்கே இவருக்கு மூச்சு வாங்குது, நம்மள எங்க இழுத்துட்டுப் போறாரு" என்று மருந்து வாங்காமலே திரும்பி வந்தாள்.

ஆகவே என் பல்லைப் பார்த்ததில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. உள்ளபடி சந்தோஷம்தான். பிடிக்கிற எண்ணம் இல்லாத மாட்டின் பல்லை யார் பார்ப்பார்கள்?

அத்தை மகள் சரசு எனக்கு முறைப்பெண். ஊரில் பாதிப்பேர் என்னை "மாப்ளே" என்றுதான் கூப்பிட்டார்கள். அத்தை மட்டும் "கண்ணு" என்பாள். அவள் கன்றுக்குட்டியையும் அப்படித்தான் கூப்பிடுவாள் என்பதால் அதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது. இதற்கிடையில் பொள்ளாச்சிப் பக்கம் ரைஸ்மில் வைத்திருந்த ஒரு குடும்பமும் சரசுவைக் கேட்டு ஆள் விட்டிருந்தது. மில்லுக்காரர் மகனையும் அத்தை கிணற்று மேடு வரைக்கும் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டாள் என்றும், அவனுக்கு ஒரு காலும் இழுக்கவில்லை என்றும் கேள்விப்பட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"மாரியாத்தா நோம்பி முடியட்டும். அப்பறம் ஒரு முடிவு பண்ணிக்கலாம்." இரண்டு தரப்புக்கும் அத்தை சொன்ன பதில் இது ஒன்றுதான்.

சரசு மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "நீ என்ன சொல்ற சரசு?"

"என்னைய எதுக்குங் மச்சான் கேக்கறீங்க? சந்தையில மாட்டுக்கிட்ட யாராச்சும் ரோசனை கேப்பாங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் பக்கம் சாய்கிறதா, ரைஸ்மில் பக்கம் சாய்கிறதா என்று தெரியாமல், பருத்திக்கொட்டையில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அது மனிதர் தின்கிற சாமான் அல்ல என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

நோம்பி என்று சொன்னேன் அல்லவா, அந்த மாரியம்மன் திருவிழாவில் அத்தைக்கு ஒரு தீராத குறை இருந்தது. நோம்பிக்கு மைக்செட் போடுகிறவர் காலை முதல் சினிமாப் பாட்டாகவே வைப்பார். "நோம்பி ஆத்தாளுக்கு, பாட்டு மட்டும் சினிமாக்காரிதா?" என்று வருஷா வருஷம் சண்டைக்குப் போவாள். சரசுவுக்குக் கும்மிப்பாட்டு அத்தனையும் அத்துப்படி. குரலும் கணீரென்று இருக்கும். ஆனால் நிலபுலம் உள்ள வீட்டில் கல்யாணம் ஆகாத பெண் ஊருக்கு முன்னால் மைக்கைப் பிடித்து நின்று பாடுகிற பேச்சே அப்போது கிடையாது. மகளின் பாட்டை ஊர் ஒரு தடவைகூடக் கேட்காமல், கட்டிக்கொண்டு போகிற ஊர்க்காரன் கேட்டு அனுபவிக்கப் போகிறான் என்ற எண்ணம் அத்தையை அரித்துக்கொண்டே இருந்தது.

"புள்ள ஊட்டுல இருக்கட்டும். கொரலு மட்டும் கோயிலுக்குப் போகட்டும். அதுக்கு ஏதோ பெட்டி இருக்குதாமே கண்ணு?"

"டேப் ரிக்கார்டருங் அத்தே. அதப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரிந்த எல்லாம் இவ்வளவுதான்: என்னிடம் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தது. ஒருமுறை அதைக் கழற்றி மாட்டியதில் சில திருகாணிகள் மிச்சமாகிவிட்டன. ரேடியோ அதற்குப் பிறகும் பாடத்தான் செய்தது, தலைகீழாகப் பிடித்தால்.

கோயம்புத்தூருக்கு அத்தை, சரசு, நான் மூன்று பேரும் போனோம். கடைக்காரர் சட்டையின் கழுத்துப் பித்தான்வரை போட்டிருந்த சாந்தமான மனிதர். மேஜைமேல் மூன்று பெட்டிகளை வைத்தார். அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு மேலே இரண்டு சக்கரங்கள் இருக்கும். ஒன்றிலிருந்து நாடா அவிழ்ந்து இன்னொன்றில் சுற்றிக்கொள்ளும். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் போனேன்.

"வாட்ஸ் எவ்வளவுங்க? ஃப்ரீக்வென்ஸி எப்படி?"

கடைக்காரருக்கு என்மேல் மரியாதை வந்துவிட்டது. "சாருக்கு மோனோ வேணுமா, ஸ்டீரியோ வேணுமா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

மரியாதை போய்விட்டது. அத்தை என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

முதல் பெட்டியைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். முனகினேன். "எடை இருக்குது" என்று திருப்தியாகச் சொன்னாள். ஓடவிடச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டாள். "மூச்சு சீராத்தான் வருது." இரண்டாவதில் காதை வைத்தவுடனே எடுத்துவிட்டாள். "இதுக்கு எளப்பு." மூன்றாவதுதான் நான் மனசுக்குள் முடிவு செய்திருந்தது: வெள்ளிப் பித்தான்கள், பச்சை விளக்கு, முள் துடிக்கிற இரண்டு மீட்டர்கள். அத்தை அதைத் தொடக்கூட இல்லை. "கொம்புக்குப் பாலீசு போட்டுக் கொண்டாந்தா அது வயசு போன மாடு."

"இல்லீங்கம்மா, புது மாடல்" என்றார் கடைக்காரர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இதோட சுழி எந்தப் பக்கம்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சரசுதான், "சக்கரம் எந்தப் பக்கமாச் சுத்துதுன்னு கேக்கறாங்க" என்றாள். அவர் காட்டினார். நல்ல சுழியாம்.

"தீனி எப்படி? எங்கூருல பொழுதுசாய எல்லா மோட்டாரும் ஓடுனா கரண்டு எளச்சுப் போகுது. அரவயித்துல நிக்குமா, படுத்துக்குமா?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். அவருக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. "படுத்துக்குமுங்கம்மா. காலைல வேலை வாங்கிக்கோங்க" என்றார்.

"நெசத்தச் சொல்றாரு" என்று அத்தை என்னிடம் சொன்னாள். பிறகு முதல் பெட்டியைத் தட்டிக்கொடுத்தாள். "செரி, இதுக்கு ஜோடி எங்க?"

"ஜோடின்னா... ஸ்பீக்கருங்களா?"

"இன்னொரு பெட்டி. இதே நெறம், இதே ஒசரம்."

எனக்கு மானம் போயிற்று. காதோரமாகப் போய்ச் சொன்னேன். "அத்தே, ஒலகத்துல ஒருத்தரும் ரெண்டு வாங்க மாட்டாங்க. ஒண்ணு போதுமுங்."

"ஒத்த மாட்டப் புடிச்சுட்டு ஊருக்குள்ள போனா, இன்னொண்ணு எப்பச் செத்துதுன்னு துக்கம் கேக்க வருவாங்க. நீ பேசாம நில்லு."

இன்னொன்று வந்தது. அத்தை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அவர் அந்தத் துண்டால் இரண்டு பெட்டிகளையும் தூசி போகத் துடைத்து, துண்டை அழகாக நாலாக மடித்து, "ரொம்ப நன்றிங்கம்மா" என்று அவள் கையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் சொன்ன விலையை அத்தை அப்படியே கொடுத்துவிட்டு வெளியே வந்தது அந்த ஒரு தடவைதான். பஸ் ஏறுகிறவரைக்கும், "வெவரமானவன்... வெவரமானவன்..." என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மாநில எல்லையான வாளையாரில் செக்போஸ்ட்டுக்காரர் பஸ்ஸில் ஏறினார். சாக்கில் சுற்றி நானும் அத்தையும் ஆளுக்கொன்றாக மடியில் வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்து நின்றார்.

"எந்தா இது?"

"பாட்டுப் பெட்டியாக்கும் சாரே" என்றாள் அத்தை.

"ரெண்டெண்ணமோ? கச்சவடத்தினாணோ?"

வியாபாரத்துக்கா என்று கேட்கிறார். அத்தை பில்லை நீட்டிவிட்டுச் சொன்னாள். "இது ஜோடி சாரே. பிரிச்சா ரெண்டும் பணியெடுக்காது."

அவர் படித்தவன் முகம் எது என்று தேடி என்னிடம் வந்தார். "ஆமாங்க, டெக்னிக்கலா அப்படித்தான்" என்றேன். பில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பஸ் நகர்ந்ததும் முன்சீட்டிலிருந்து சரசு திரும்பினாள். "டெக்னிக்கலான்னா என்னங் மச்சான்?"

"வாயில வந்ததக் கவுரவமாச் சொல்றது."

"அப்ப நீங்க எப்பவுமே டெக்னிக்கலுதானுங்" என்றாள்.

பெட்டிகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, அன்றைக்கு ஒருவரையும் தொடவிடவில்லை அத்தை. "புது எடம். பழகட்டும்." மறுநாள் காலையில் வீட்டுக் கூடத்தில் மைக்கை வைத்து என்னைப் பேசிப் பார்க்கச் சொன்னாள். பேசினதைத் திருப்பிப் போட்டால், கிணற்றுக்குள் விழுந்தவன் உதவி கேட்பதுபோல் இருந்தது. போதாக்குறைக்குக் கோழிகள். வீட்டில் கோழி நுழையாத இடம் பருத்தி மூட்டை அடுக்கியிருந்த அறை ஒன்றுதான் என்பதால் அங்கே மாறினோம். மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிட்டன. "இதத்தான் நானும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மைக்கை மூக்கணாங்கயிற்றில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டோம்.

சரசு பாடினாள்.

"சேத்து வயல் கொக்கே, சித்த நேரம் நின்னு போ..."

கும்மியில் ஒருத்தி எடுத்துப் பாடினால் மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாட வேண்டும். இங்கே எடுப்பதும் அவள், வாங்குவதும் அவள், கை தட்டுவதும் அவள். அத்தை திருப்பிப் போட்டுக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஒத்தையில கும்மியடிச்சா கொசு அடிக்கற மாதிரியல்ல இருக்குது?"

கூடப் பாட மற்ற வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஆள் போகாது, குரல்தானே போகிறது என்று அவள் சொன்ன நியாயம் அந்த வீட்டுக்காரர்களுக்குப் புரியவில்லை. நோம்பிக்குக் கம்பம் நட்டாகிவிட்டது. ரைஸ்மில்காரர்கள் குடும்பத்தோடு நோம்பி பார்க்க வருகிறார்கள் என்று சேதியும் வந்துவிட்டது. பெட்டி வாங்கிக் கொடுத்த நிபுணன் என்ற ஒன்றைத் தவிர என் கையில் வேறு துருப்பு இல்லை. பெட்டியோ கொசு அடித்துக்கொண்டிருந்தது.

"மச்சான், அந்த ரெண்டாவது பெட்டி சும்மாத்தானுங்களே கெடக்குது?" என்றாள் சரசு.

"அது அத்தையோட ஆசைக்கு வாங்குனது. அதுக்கு வேலை இல்ல."

"இதுல நான் பாடுனதப் போட்டுட்டு, நான் கூட நின்னு வாங்கிப் பாடறனுங். ரெண்டையும் சேத்து அது புடிச்சுக்காதா?"

"அப்படியெல்லாம் பண்ணக் கூடாது. மிஷின் கெட்டுப் போயிரும்" என்றேன். அதாவது, டெக்னிக்கலாக.

அவள் அதற்குள் பித்தானை அமுக்கிவிட்டாள். ஒரு பெட்டியில் சரசு எடுத்துக் கொடுக்க, நேரில் நின்ற சரசு வாங்கிப் பாட, இரண்டாவது பெட்டி இரண்டு சரசுவையும் பிடித்துக்கொண்டது. பிறகு அதை ஓடவிட்டு, இன்னொரு முறை பாடி முதல் பெட்டியில் பிடித்தாள். மூன்று சரசு. மறுபடியும் மாற்றினாள். நான்கு. அறை முழுக்கப் பெண்பிள்ளைகள் சுற்றி நின்று கும்மியடிப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இரைச்சல் ஏறி, பாட்டுக்குப் பின்னால் தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "நோம்பிக்கு மழ வந்தா நல்லதுதான்" என்றாள் அத்தை. ஜோடி வாங்கியதற்காக அவள் கொஞ்சம்கூடப் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. ஜோடி என்றால் வேலை செய்யும் என்பது அவளுக்கு ஒரு செய்தியே அல்ல.

பின்னாளில் பெர்ஷியாவிலிருந்து, அதாவது வளைகுடா நாட்டிலிருந்து, வந்த ஒருவர் கையகலக் கேசட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அத்தை அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "கன்னுக்குட்டி நல்லாருக்குது. வளந்தாக் கொண்டாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அது நிற்க.

முதல் தடவை பாடியபோதே ஒரு விபத்து நடந்துவிட்டது. நான் கதவைச் சாத்த மறந்திருந்தேன். முதல் அடி முடிந்து சரசு மூச்சு வாங்கிய இடைவெளியில் ஒரு பெட்டைக்கோழி உள்ளே வந்தது. "ஏண்டா, அந்தக் கோழிய முடுக்குடா!" என்று அத்தை என்னைப் பார்த்துக் கத்தியது நாடாவில் அழுத்தமாக விழுந்துவிட்டது. மேலே எத்தனை சரசு ஏறினாலும் அடியில் கோழி நின்றது. மறுபடி முதலிலிருந்து பாட நேரம் இல்லை. "தழும்பு இருந்தா இருந்துட்டுப் போகுது. காலு நல்லாருக்குதல்ல" என்றாள் அத்தை.

எல்லாம் முடிந்தது என்று நான் மைக்கைக் கழற்றப் போனபோது சரசு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மா, பாட்டுல 'எந்த ஊரு மச்சான் நீ'ன்னு கேக்கறமல்ல? அதுக்கு மச்சான்தான பதில் சொல்லோணும். நாமளே சொல்லிக்கிட்டா நல்லாவா இருக்குது?"

அத்தை என் பக்கம் திரும்பினாள். நான் மூட்டைகளுக்கு நடுவே இருந்த ஒரே ஆண்பிள்ளை.

"பாடுவியா கண்ணு?"

என் குரலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சொசைட்டியில் நான் ஆளைக் கூப்பிட்டால், என்னமோ ஏதோ என்று வெளியே நிற்கிறவர்கள் எல்லாரும் உள்ளே ஓடி வருவார்கள். கீழே போனால் தகரம், மேலே போனால் ஆட்டுக்குட்டி. "ஏதோ பாடுவனுங்" என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"பழக்குன மாட்டுப் பக்கத்துல பழக்காத மாட்டப் பூட்டி நாலடி நடத்திப் பாக்கறதுதான்" என்று அத்தை மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

எனக்கு ஒரு வரிதான். சரசுவே கட்டிக்கொடுத்தாள். "கொல்லங்கோட்டு மச்சான் நான், கூப்பிட்டாக்கா வந்துருவேன்." சுலபமான வரி. ஆனால் பெட்டிக்குள் இருந்த நான்கு சரசுகளும் எனக்காக நிற்கவில்லை. அவர்கள் கேட்டு முடித்து, அடுத்த அடிக்குப் போன பிறகு நான் "கொல்லங்..." என்று கிளம்பினேன். நாடாவைச் சுற்றி மறுபடி போட்டோம். இந்தத் தடவை அவர்கள் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டேன். மறுபடி. மறுபடி. வேர்த்து வேட்டி நனைந்துவிட்டது. அத்தை என் பாட்டைக் கேட்கிறவள்போல் இல்லாமல், என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரைஸ்மில் எனக்குக் கண்முன்னால் ஓடியது. அதில் நெல்லுக்குப் பதிலாக நான் அரைபட்டுக்கொண்டிருந்தேன்.

நான்கு சரசுகளும் கைவிட்ட பிறகு ஐந்தாவது சரசு வந்து பக்கத்தில் நின்றாள். என் காதருகே கும்மித் தாளத்தில் கை தட்டினாள். காலும் போட்டாள். அந்தக் காலைப் பார்த்து என் காலும் போயிற்று. கேள்வி வந்தது. வரி தானாகவே தன் இடத்தில் போய் உட்கார்ந்தது, தகரமும் ஆட்டுக்குட்டியுமாக.

நாடா நின்றது. அத்தையின் முகத்தைப் பார்த்தேன். சந்தை முகம். "ம்" என்றாள். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

நோம்பியன்று ஊரில் ஒரு மோட்டாரும் ஓடாததால் கரண்டு இளைக்கவில்லை. சாயங்காலம் மைக்செட்காரர் முனகிக்கொண்டே சினிமா ரிக்கார்டை எடுத்துவிட்டு, அத்தையின் பெட்டியை மேஜைமேல் வைத்தார். முன்வரிசைப் பெஞ்சில் ரைஸ்மில்காரரும் அவர் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அத்தை. நான் அரசமரத்துக்குப் பின்னால் பாதி தெரியும்படி நின்றுகொண்டேன்.

ஒலிபெருக்கிப் புனல்களிலிருந்து மழை கேட்டது. மழைக்குள்ளிருந்து சரசுகள் வந்தார்கள். பொம்பளைகள் பக்கம், "யாரூட்டுப் புள்ளைக இத்தன பேரு?" என்று எழுந்து பார்த்தார்கள். அத்தையின் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ஊருக்கே கேட்கும்படி, "ஏண்டா, அந்தக் கோழிய முடுக்குடா!" என்று அத்தையின் குரல் நான்கு திசையிலும் இடித்தது.

மைதானம் உருண்டு சிரித்தது. யாரோ நிஜமாகவே ஒரு கோழியைத் துரத்தினார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் சரசுகள் நால்வரும் "எந்த ஊரு மச்சான் நீ?" என்று கேட்டுவிட்டார்கள். பதில் வந்தது.

"கொல்லங்கோட்டு மச்சான் நான், கூப்பிட்டாக்கா வந்துருவேன்!"

ஊரில் கொல்லங்கோட்டு மச்சான் யார் என்று தெரியாதவர் இல்லை. தலைகள் ஒவ்வொன்றாக அரசமரத்துப் பக்கம் திரும்பின. நான் இரண்டு பக்கமும் தெரிகிற அளவுக்குத்தான் மரம் பருத்திருந்தது. மச்சான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றபோது சரசு எதற்காக உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ரைஸ்மில்காரர் மெதுவாக அத்தையிடம் கேட்டார். "ஏனுங்க, அந்த ஆம்பளக் கொரலு யாருதுங்க?"

அத்தை பெஞ்சின் நுனியைப் பார்த்தாள். புனலைப் பார்த்தாள். மகளின் வேலை அவளுக்கும் அந்த நிமிஷத்தில்தான் விளங்கியதா, மூட்டைமேல் உட்கார்ந்து "ம்" என்றபோதே விளங்கிவிட்டதா, அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ற தம்பி பையனுங்க. புள்ளயோட பூட்டிப் பாத்தனுங்க" என்றாள். "நடை சேந்து போச்சுங்க."

மில்லுக்காரர் மாடு வைத்திருந்தவர். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. காப்பியைக் குடித்து முடித்து, "பாட்டு நல்லாருந்துதுங்க" என்று கும்பிட்டுவிட்டு மகனோடு எழுந்து போனார். அந்த மகன் போகிற வழியில் என்னைப் பார்த்து நட்பாகச் சிரித்தான். அவன் நடை உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் கூட்டம் மறுபடி போடச் சொல்லிக் கேட்டு, கோழி வரி வந்ததும் மொத்தமாகச் சேர்ந்து கத்தியது. அந்த ஊர்க் கும்மியில் அந்த அடிக்குப் பிறகு கோழியை முடுக்குவது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது.

நான் அத்தை வீட்டுக்கு ஓடினேன். சரசு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"சரசு, கேட்டுதா?"

"நாலு புனலு கட்டுனா கேக்காதுங்களா?"

"அந்த வரி... நீ வேணும்னேதான..."

"சந்தையில மாட்டுக்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னனுங்களே மச்சான்" என்றாள். "அதான், மாடே பாடிருச்சு."

மறுநாள் காலையில் அப்பா வந்தார். அத்தை தொழுவத்து வாசலில் கிடந்த நுகத்தடிமேல் உட்கார்ந்திருந்தாள். அப்பா எதிரே உட்கார்ந்தார். அத்தை தோளிலிருந்து துண்டை எடுத்து நீட்டினாள். கோயம்புத்தூர்க் கடைக்காரருக்குப் பிறகு அவள் துண்டைப் பார்த்துக் கூசாத ஆள் என் அப்பாதான். சின்ன வயதில் அக்காவின் விரலைப் பிடித்து நடந்தவர். இரண்டு கைகளும் துண்டுக்குள் போயின.

நான் நான்கடி தள்ளி நின்றேன். நிற்கச் சொல்லியிருந்தார்கள். சரக்கு கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டுமாம். துண்டு ஒரு பக்கம் புடைத்தது. அப்பாவின் புருவம் ஏறியது. அத்தை தலையை ஆட்டி மறுத்தாள். அவள் பார்வை என் காலுக்கு வந்தது. நான் இரண்டையும் சேர்த்து விறைப்பாக வைத்துக்கொண்டேன். அப்பா ஏதோ விரலை அழுத்தியிருக்க வேண்டும், அத்தை "அடேய்!" என்று சிரித்துவிட்டாள். துண்டை உதறித் தோளில் போட்டாள். முடிந்துவிட்டது.

"என்னங்கப்பா பேசுனீங்க?" என்று வழியெல்லாம் கேட்டேன்.

"நல்ல வெலதான் போ" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு அத்தையிடமும் கேட்டுப் பார்த்தேன். "சித்த ஏமாந்துட்டன் கண்ணு. தம்பியாச்சேன்னு விட்டுட்டேன்" என்றாள். இருவரும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. சரசுவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கேட்டால் உத்தரத்தைப் பார்க்கிறாள்.

விலை எனக்குத் தெரிய வேண்டாம். அந்தப் பின்னங்காலுக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும்.